டெம்ப்ளேட்படி இல்லையாம்

"கட்டுரை டெம்ப்ளேட்படி அமையவில்லை, சரிசெய்து மீண்டும் அனுப்பவும்." ஆய்விதழிலிருந்து வந்த மொத்த மின்னஞ்சலும் இவ்வளவுதான். எந்தப் பக்கம், எது சரியில்லை, ஒன்றும் கிடையாது. ஆய்வில் குறை சொன்னால் வாதாடலாம், இதற்கு என்ன பதில் எழுதுவது? விவரம் கேட்டு எழுதினேன். அதே வாசகம் திரும்பி வந்தது. தமிழ் எடுத்துக்காட்டுகளோடு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, ஆய்விதழின் வேர்ட் டெம்ப்ளேட்டில் போடப் போகிறவர்களுக்கு இது உதவட்டும்.

டெம்ப்ளேட்டை இறக்கி, பெயர், துறை, முகவரி நிரப்புவதில் ஒரு சிரமமும் இல்லை. "மாதிரி வாக்கியங்களை நீக்கிவிட்டு உங்கள் உரையை இடவும்" என்ற குறிப்பில்தான் வினை தொடங்குகிறது. தலைப்பும் ஆசிரியர் பெயர்களும் பக்க அகலம் முழுக்க ஒற்றைப் பத்தியில் இருக்கும், கட்டுரை அருகருகே இரண்டு பத்திகளாக ஓடும். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு செக்‌ஷன் பிரேக், அதாவது பகுதிகளைப் பிரிக்கும் குறி, உண்டு. மாதிரி வாக்கியங்களைப் பிடித்து நீக்கும்போது அதுவும் சேர்ந்து போனால், மேல்பகுதி கீழ்ப்பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். தலைப்பு ஒடுங்கி இடது பத்திக்குள் இறங்கிவிடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைகுறிகளைத் தெரியவைத்த பிறகே எதிலும் கை வையுங்கள். குறிப்பு எழுதியவர் இதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அப்புறம் ஒட்டும் வேலை. பழைய கோப்பிலிருந்து அப்படியே ஒட்டினால் அதன் எழுத்துரு, இடைவெளி, ஸ்டைல் எல்லாம் கூடவே வந்து குடியேறும். 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒட்டுவதே நல்லது. சாய்வெழுத்தும் அடிக்குறிப்பும் போய்விடும், திரும்பப் போட வேண்டியதுதான்.

படம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. செருகினால் நூல் போல ஒரு கீற்று மட்டும் தெரிகிறது. படக் கோப்பு கெட்டுவிட்டதோ என்று வேறு வடிவத்தில் சேமித்துச் செருகினாலும் அதே கீற்று. டெம்ப்ளேட்டின் உரை ஸ்டைலில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி 12' என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். வரியோடு வரியாக நிற்கும் படம் அந்த உயரத்துக்கு மேல் தலைகாட்டாது. படம் இருக்கும் பாராவுக்கு மட்டும் 'சிங்கிள்' கொடுத்ததும் முழுப்படமும் வந்துவிட்டது. 'கீ', 'மீ' எழுத்துகளின் மேல்சுழி வெட்டுப்பட்டதும் இதே பூட்டால்தான். தமிழ் வரும் பாராக்களுக்கு 'அட் லீஸ்ட்' போதும்.

ஆங்கிலம் 10 புள்ளியில் ஒழுங்காக இருக்க, தமிழ் மட்டும் பெரிதாக நின்றதற்குக் காரணம் வேறு. வேர்ட் தமிழைக் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' கணக்கில் வைக்கிறது. அதற்கு எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாமே தனி. டெம்ப்ளேட் செய்தவர் ஆங்கிலத்துக்கு மட்டும் அளவு சொல்லிவிட்டுப் போயிருப்பார். வேர்டின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்திருந்தால்தான் ஃபாண்ட் பெட்டியில் அந்தப் பகுதியே கண்ணில் படும். அவர்களுடைய ஸ்டைலைத் தொடாமல், தமிழுக்கென்று ஒரு கேரக்டர் ஸ்டைல் (பாரா முழுவதற்கும் அல்லாமல், தேர்ந்தெடுத்த எழுத்துகளுக்கு மட்டும் பொருந்துவது) உண்டாக்கி நிர்மலா எழுத்துருவைக் கொடுத்து அளவைக் குறைத்தேன். எடுத்துக்காட்டுகள் அத்தனையும் ஒரே சீராக அமைந்தபோது, உண்மையைச் சொன்னால், ஆய்வு முடிவு வந்த நாளைவிட மகிழ்ச்சியாக இருந்தது.

படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டும் என்று கேட்டால், சேமிக்கும் முன் ஆப்ஷன்ஸில் 'அட்வான்ஸ்டு' போய்ப் படங்களைச் சுருக்காதே என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் வேர்ட் தானாகவே தரத்தைக் குறைத்துவிடும்.

இந்த முறை கோப்பை ஏற்றுக்கொண்டு மதிப்பாய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நிம்மதியில் ஆசிரியர்களுக்கான விதிமுறைகளை நிதானமாகக் கடைசிவரை படித்தேன். கட்டுரை தேர்வானால் அவர்களுடைய அச்சுக்கோர்ப்புக் குழு முதலிலிருந்து வேறு மென்பொருளில் எல்லாவற்றையும் மறுபடி அமைத்துக்கொள்ளுமாம்.