முதல் ஒரு மணி நேர முட்டையைத் தூக்கிப் போடணும்

பழ ஈ லேப்ல சேர்ந்த முதல் மாசம் நான் எடுத்த படம் எதுலயுமே கிரேடியன்ட், அதாவது ஒரு பக்கம் அதிகமா ஆரம்பிச்சு போகப் போகக் குறையற அளவு, தெரியல. கருவுல தலைப்பக்கம் எதுன்னு சொல்ற பைகாய்டு புரோட்டீனைக் காட்டிக் கொடுக்கிற ஆன்டிபாடி போட்டு மைக்ராஸ்கோப்ல வச்சா கரு முழுக்க ஒரே மங்கலா இருக்கும், ஆன்டிபாடிதான் கெட்டுப்போச்சுன்னு புதுசு கூட கேட்டுட்டேன். சீனியர் அக்கா ஒருத்தங்க வந்து "முதல் ஒரு மணி நேர முட்டையைத் தூக்கிப் போட்டியா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

போடல. பெண் ஈ கருவான முட்டையை உள்ளயே வச்சிருந்து, முட்டையிட புது பிளேட் வச்சதும் அதைத்தான் முதல்ல இடும். அதனால நான் சின்னக் கருன்னு எழுதி வச்சதுல நிறைய வயசானது, அதுங்க கிட்ட கிரேடியன்ட் எப்பவோ அழிஞ்சிருச்சு.

முட்டை இட்டதுல இருந்து, 25 டிகிரியில கிரேடியன்ட் பாக்க மொத்தமே சுமார் மூணு மணி நேரம்தான் கையில இருக்கு. முட்டையோட முன்பக்கத்துல பைகாய்டு எம்ஆர்என்ஏவை (புரோட்டீன் செய்யறதுக்கான குறிப்பு) அம்மா ஈயே வச்சு அனுப்புது, முட்டை இட்டதும் அதுல இருந்து புரோட்டீன் உருவாகி பின்னாடி பரவுது, நியூக்ளியஸ் 13 தடவை பிரியற வரைக்கும் நடுவுல செல் சவ்வே கிடையாது அதனால தடையில்லாம போகும். அரை மில்லிமீட்டர் முட்டையில சுமார் 100 மைக்ரான் தள்ளிப் போனா அளவு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கா குறைஞ்சிடும், அந்த அளவை வச்சுத்தான் ஒவ்வொரு நியூக்ளியஸும் தான் தலைப்பக்கமா நடுவுலயான்னு தெரிஞ்சுக்குது. 1988ல ட்ரீவர், நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டுன்னு ரெண்டு விஞ்ஞானிங்க அம்மா கிட்ட அந்த ஜீனோட காப்பியைக் கூட்டிப் பாத்தாங்க, தலை உருவாகிற எல்லையே பின்னாடி நகர்ந்துச்சு. எனக்கு இன்னிக்கும் ரொம்பப் பிடிச்ச எக்ஸ்பெரிமென்ட் அது.

அக்கா சொன்ன மாதிரி செஞ்சு, பிளீச்ல மேல் ஓடு எடுத்து, கரு அப்படியே நிக்கற மாதிரி ஃபிக்ஸ் பண்ணி, மெத்தனால் ஊத்தி சின்ன குப்பியை வேகமா குலுக்கினேன். சவ்வு உரிஞ்ச கருவெல்லாம் வெள்ளை வெள்ளையா மெதுவா அடியில இறங்குச்சு. அன்னிக்கு சாயங்காலம் ஸ்க்ரீன்ல முன்பக்க நியூக்ளியஸ் எல்லாம் பளிச்சுன்னு, நடுவுல வர வர மங்கி, பின்னாடி இருட்டு. ரொம்ப நேரம் எழுந்திருக்கவே மனசு வரல.

அடுத்து டார்சல்னு இன்னொரு புரோட்டீனைப் பாத்தப்ப இன்னொரு குழப்பம். டார்சல்னா முதுகு, ஆனா வயித்துப் பக்க நியூக்ளியஸ்ல பளபளன்னு இருக்கு. ஸ்லைடை தலைகீழா வச்சுட்டோமோன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். அம்மா கிட்ட அந்த ஜீன் இல்லாட்டி கரு முழுக்க முதுகாவே ஆயிடும், அதனால வந்த பேரு அது. புரோட்டீன் சுத்தி எல்லா இடத்துலயும் இருக்கு, அதுக்கு சிக்னல் வாங்கித் தர்ற டோல் ரிசெப்டரும்தான், ஆனா சிக்னல் கிடைக்கிறது வயித்துப் பக்கம் மட்டும், அங்கதான் அது நியூக்ளியஸுக்குள்ள போகுது, மேல முதுகுப் பக்கம் வெளியிலயே நிக்குது.