எங்கள் சாருக்குச் செவாலியர் பட்டம் வந்த வழி

எங்கள் பங்கில், அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த சமூகத்தில், நாற்பது ஆண்டுகளாகத் தொழுநோயாளர் இல்லத்தின் கணக்கையும் அடுப்படியையும் ஒருசேரப் பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குத் திருத்தந்தையின் (போப்பாண்டவரின்) விருதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று பங்குப் பேரவை முடிவு செய்தபோது, பேரவைச் செயலாளர் என்ற முறையில் தாள்களைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவரிடம் படித்தவன் என்பதால் நான் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

'செவாலியர்' என்ற ஒரே சொல்லால் நம்மவர்கள் பல பட்டங்களைக் குறிப்பிட்டுவிடுகிறோம். சிவாஜி கணேசன் பெற்றது பிரெஞ்சு அரசு கலைக்காக வழங்கும் விருது. நாங்கள் கேட்கவிருந்ததோ, திருத்தந்தை பதினாறாம் கிரகோரி 1831 செப்டம்பர் 1 அன்று நிறுவிய புனித பெரிய கிரகோரியார் விருது. அவர் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே திருத்தந்தையின் ஆட்சிப் பகுதிகளில் கலகம் மூண்டிருந்த சூழலில் பிறந்தது அது. விருதின் சின்னமான சிலுவையின் பின்புறத்தில் 'கடவுளுக்காகவும் ஆட்சியாளருக்காகவும்' என்ற பொருளுடைய இலத்தீன் வாசகம் இருப்பதன் காரணம் இதை அறிந்த பிறகே எனக்கு விளங்கியது.

இந்த விருதுக்கு யாரும் தமக்காக விண்ணப்பிப்பதில்லை. பங்குத்தந்தையின் பரிந்துரையை ஆயர் (பிஷப்) ஏற்றுத் தம் கடிதத்தோடு புதுடெல்லியிலுள்ள திருத்தந்தையின் தூதரகத்துக்கு அனுப்ப, அங்கிருந்து அது வத்திக்கானில் உள்ள திருப்பீடச் செயலகத்துக்குப் போகிறது. முடிவு தெரியும்வரை உரியவருக்குச் செய்தி எட்டக் கூடாது என்று ஆயர் இல்லத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே சாரின் பிறந்த நாளையும் திருமண நாளையும் அவரிடமே கேட்க வழியில்லாமல், பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தூசி தட்டித் தேடினேன். மீதமிருந்த விவரங்களை அவர் துணைவியாரிடம், "அக்கா, பங்கின் வரலாறு எழுதுகிறோம்" என்று சொல்லி வாங்கினேன். அந்தச் சிறு பொய்க்காகப் பின்னர் அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது எந்தப் படிநிலையைக் கேட்பது என்பதில்தான். தொடக்கப் படியான செவாலியர் சிலுவையை இடப்பக்க மார்பில் குத்திக்கொள்வார். கமாண்டர் அதையே பெரிய அளவில் கழுத்து நாடாவில் அணிவார். அதற்கு மேற்படியில் இருப்பவருக்குக் கழுத்துச் சிலுவையோடு மார்பில் நட்சத்திரமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான கிராண்ட் கிராஸ் பெற்றவர் வலத்தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்கும் அகன்ற நாடாவையும் பெரிய நட்சத்திரத்தையும் அணிவார். கழுத்தில் அணிந்தால்தான் பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரியும் என்று பேரவையில் சிலர் கமாண்டர் பட்டத்துக்கு வாதாடினார்கள். முதலில் நானும் அவர்கள் பக்கமே நின்றேன். முதன்முறை விருது பெறும் ஆசிரியர் ஒருவருக்குத் தொடக்கப் படியைக் கேட்பதே முறையாக இருக்கும் என்று ஆயரின் செயலர் பொறுமையாக விளக்கியபோது என் எண்ணம் மாறியது. சாரின் உழைப்பை நாடாவின் நீளத்தால் அளக்க முயன்றோமே என்று அன்றிரவு வெகுநேரம் வருந்தினேன்.

ஏறத்தாழப் பதினொரு மாதங்களுக்குப் பிறகு இலத்தீன் மொழியில் எழுதிய பட்டயம் வந்தது. அதனுடன் சிலுவையும் வரும் என்றே நாங்கள் நம்பியிருந்தோம். சின்னத்தைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டுக் கடை ஒன்றுக்குப் பணம் அனுப்பி, விழாவுக்கு மூன்று வாரங்கள் இருக்கையில் பெட்டியைத் திறந்தோம். சிவப்பு எனாமல் பூசிய எட்டு முனைச் சிலுவை, நடுவே நீல வட்டத்தில் புனித கிரகோரியாரின் உருவம், ஓரங்களில் மஞ்சள் ஓடும் சிவப்பு நாடா என எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் சிலுவையும் நாடாவும் இணையும் இடத்தில் ஆயுதங்களையும் கவசத்தையும் அடுக்கியது போன்ற ஓர் உருவம் இருந்தது.

இந்த விருதில் 1834 முதல் இராணுவப் பிரிவு, குடியியல் பிரிவு என இரண்டு பிரிவுகள் உண்டு. இராணுவப் பிரிவின் சிலுவை படைக்கலத் தொகுதியிலிருந்தும், குடியியல் பிரிவின் சிலுவை பச்சை லாரல் இலை வளையத்திலிருந்தும் தொங்கும். பட்டயத்தில் குடியியல் பிரிவு என்றே குறித்திருந்தார்கள். கடைக்காரரோ இராணுவச் சிலுவையை அனுப்பிவிட்டார். 'தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப்போகிறது?' என்று ஒருவர் கேட்டார். வாழ்நாள் முழுவதும் மாணவர்களின் எழுத்துப் பிழையைத் திருத்தியவரின் மார்பில் பிழையான சின்னத்தைக் குத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டயத்தின் நகலை இணைத்துக் கடிதம் எழுதி மாற்றித் தரச் சொன்னேன். சரியான சிலுவை விழாவுக்கு நான்கு நாள்கள் முன்பு கைக்கு வந்தது.

வெள்ளிச் சரிகை வேலைப்பாடுள்ள பச்சைக் கோட்டு, இரு முனைத் தொப்பி, வாள் ஆகியவை அடங்கிய சீருடையும் இந்த விருதுக்கு உண்டு. அதைத் தைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்களுக்கு இருக்கவில்லை. சார் வழக்கம்போல் வெள்ளை வேட்டி சட்டையிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார். மெல்லிய பருத்திச் சட்டையில் சிலுவையின் கனம் துணியை இழுத்துத் தொங்கவிடும் என்பதைக் கண்ட அக்கா, முதல்நாள் மாலை சட்டையின் உட்புறம் இடப்பக்கத்தில் கெட்டியான துணியை இரண்டாக மடித்து வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

திருப்பலியின் முடிவில் பங்குத்தந்தை பட்டயத்தின் தமிழாக்கத்தை வாசித்தார். ஆயர் ஊசியைச் செருகிப் பூட்டியதும் சார் குனிந்து, பச்சை இலை வளையத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பின் முன்வரிசையில் அமர்ந்திருந்த இல்லத்துப் பெரியவர்களிடம் நேரே நடந்து சென்று, ஒவ்வொருவரும் தொட்டுப் பார்க்கும்வரை அவர்கள் முன் நின்றுகொண்டே இருந்தார்.