சுடிதாரோடு சேர்த்துத் தைக்கப்படும் சுருக்குப் பை

கைவினைக் கண்காட்சியில் 'நீங்களே ஒரு சுருக்குப் பை தைக்கலாம்' என்று பலகை மாட்டிவிட்டால், தையலைவிட ஆட்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. வருகிறவருக்குக் கால் மணி நேரம்தான் பொறுமை இருக்கும். அதற்கு மேல் இழுத்தால் எதிர்க்கடை டெல்லி அப்பளம் கூப்பிட்டுவிடும்.

அதனால் பாதி வேலையை முதல் நாளே முடித்துவிட வேண்டும். நனைத்துக் காயவைத்த காடாத் துணியில் 20 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளம் வெட்டுங்கள். நான்கு மூலையிலும் பக்க ஓரத்தை 5 செ.மீ. நீளத்துக்கு மட்டும் உள்ளே மடித்துத் தைக்கவும். இதை விட்டால் பிசிறில் நாடா சிக்கும். பிறகு இரு நுனியையும் முதலில் 1, அடுத்து 3 செ.மீ. மடித்துத் தைத்தால், நாடா நுழையும் பட்டி தயார்.

வருகிறவர் துணியை இரண்டாக மடித்து இரு பக்கமும் தைத்தால் போதும். இங்கேதான் கூத்து. தையல் நன்றாக வருகிறதே என்ற குஷியில் பட்டியின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டு, "நாடாவை எங்க விடுறது?" என்று நம்மையே கேட்பார்கள். பட்டிக்குக் கீழே சாக்பீஸில் கோடு போட்டு, 'இதோடு நிறுத்து' என்று எழுதியே வைக்கலாம். தப்பில்லை.

கையால் தைப்பவருக்கு நூல் ஒரு முழம் போதும். மறுபடி ஊசி கோர்க்கச் சோம்பல்பட்டு இரு கையும் விரித்த நீளத்துக்கு நூல் எடுப்பவருக்கு, தைக்கும் நேரத்தைவிடச் சிக்கெடுக்கும் நேரமே அதிகம். மடியில் வைத்துத் தைக்கிறார்களா, உடனே ஓர் அட்டையைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "முடிஞ்சிருச்சு!" என்று எழும்போது சுடிதாரும் பையோடு எழுந்து வரும்.

கால் மிஷினில் நேராக நூலோடு உட்காரவிடாதீர்கள். மிதிக்கத் தெரியாத கால் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றும். நூல் பட்டென்று அறும். முதலில் நூலில்லாமல், கோடு போட்ட காகிதத்தில் ஓட்டட்டும். அதற்குப் பழைய ஊசி போதும், காகிதம் ஊசியை மழுக்கிவிடும். கையால் சக்கரத்தைத் தன் பக்கமாகச் சுழற்றிவிட்டு, அப்புறம் மிதிக்கச் சொல்லுங்கள். துணிக்கு அடியில் நூல் கொத்தாகத் திரண்டால் எல்லோரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி மேல் நூல். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் அது உட்கார்ந்திருக்காது. அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோர்த்தால் சரி.

கடைசியில் 55 செ.மீ. நாடா இரண்டு, அதைக் கோர்த்து இழுக்க ஆளுக்கொரு ஊக்கு. ஒன்று இடப்பக்கம் நுழைந்து முழுச் சுற்று போய் இடப்பக்கமே வெளிவர வேண்டும், மற்றது வலப்பக்கம். அப்போதுதான் இழுத்தால் வாய் சீராக மூடும்.

இத்தனையும் முடிந்ததும் ஒரு பாட்டி வந்து பையைத் திருப்பிப் பார்த்து, "ஒரே அறைதானா? வெத்தலைக்கு ஒண்ணு, சில்லறைக்கு ஒண்ணு வேணாமா?" என்பார். அவரிடம் வாதாட வேண்டாம். நாற்காலி போட்டு மேற்பார்வையில் உட்கார வையுங்கள், சம்பளமில்லாத ஆசிரியை கிடைத்தார்.

நாற்காலி என்றதும் நினைவு வருகிறது: கடை கட்டும்போது ஊசிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் காந்தத்தால் தரையையும் இருக்கைகளையும் துழாவிவிட்டு, அப்புறம் உட்காருங்கள்.