எட்டு பரோட்டாவும் ஒரு குளுக்கோஸ் பாட்டிலும்

தேனிப் பக்கம் ஒரு தாலுகா மருத்துவமனையில் நான் இரவு டியூட்டி பார்த்த காலம். விடிகாலை ஐந்து மணி இருக்கும். 26 வயதுப் பையன் ஒருவனை நான்கு பேர் போர்வையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மார்க்கெட்டில் லோடுமேன். (ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன் டாக்டரம்மா, ரெண்டு காலும் வரல" என்றான். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் தெரிந்தது.

விடிகாலையில் கை கால் விழுந்து யாராவது வந்தால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். பெரிதாக வலிக்காது, பல் தடமும் பல நேரம் கண்ணில் படாது. அந்த விஷம் பெரும்பாலும் கண் இமையைத்தான் முதலில் கீழே இறக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். இமை இறங்கவே இல்லை, நன்றாக அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு தெளிவு, விழுங்க முடிகிறது, மூச்சும் சீர். சரி, பாம்பு இல்லை என்று நிம்மதியாகி, அந்தக் கண்களை அத்தோடு மறந்துவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

கால் விரல் அசைந்தது, தொடையைத் தூக்க முடியவில்லை. தொட்டால் உணர்ச்சி இருந்தது. முட்டியில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளவில்லை. நரம்பைத் தாக்கும் கில்லன் பாரே நோயோ என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் அது பொதுவாக நாள்கணக்கில் மெல்ல மேலேறும். இவனோ முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணி வரை வெங்காய மூட்டை இறக்கியவன்.

இதற்கிடையில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்கம்மா, தெம்பில்லாமக் கெடக்கான்" என்றார். நம் ஊரில் கையில் ஏறுகிற எல்லாமே குளுக்கோஸ்தான். சிஸ்டரும் பழக்கத்தில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல் பாட்டிலை எடுத்து ஸ்டாண்டில் மாட்டப் போனார். நானே தலையாட்டியிருப்பேன். அந்த நேரம் பார்த்து இ.சி.ஜி. தாள் வெளியே வந்தது. இதயத் துடிப்பின் கோட்டில் டி (T) அலை படுத்துக் கிடக்க, அதன் பின்னால் வேண்டாத விருந்தாளி மாதிரி ஒரு சின்ன மேடு. யு அலை. பொட்டாசியம் இறங்கியிருக்கிறது.

"அதை வைங்க சிஸ்டர். நார்மல் சலைன் எடுங்க." சர்க்கரை இல்லாத உப்பு நீர்.

அப்புறம்தான் அவனிடம் கேட்டேன், ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று. எட்டு பரோட்டா, மேலே இரண்டு கலர் சோடா. சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டான்.

நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே ரத்தத்தில் ஓடும் அந்தத் துளியை நம்பித்தான் தசையும் இதயமும் வேலை செய்கின்றன. மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் செல்லில் இருக்கும் ஒரு பம்பை முடுக்கிப் பொட்டாசியத்தை உள்ளே தள்ளும். கடும் உழைப்புக்குப் பிறகு வரும் ஓய்விலும் அது உள்ளே திரும்பும். அந்த நேரத்தில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியிருந்தால் இன்னும் இரண்டு பரோட்டா ஊட்டிய கதைதான்.

ஆனால் பரோட்டா சாப்பிடுகிறவர்கள் எல்லாம் காலையில் எழுந்து நடக்கத்தானே செய்கிறார்கள்? இவன் உடம்பில் மட்டும் அந்தப் பம்பை யாரோ முடுக்கிவிட்டிருக்க வேண்டும். திரும்பப் போய் நாடி பார்த்தேன், 116. முதலில் பயத்தால் என்று நினைத்திருந்தேன். நீட்டிய விரல்களில் லேசான நடுக்கம். ஆறு மாதத்தில் சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டதாம், வேலை அலைச்சல் என்று விட்டுவிட்டார்கள். ஒரு மடக்கு தண்ணீர் விழுங்கச் சொன்னபோது தொண்டைக்குக் கீழே ஒரு வீக்கம் ஏறி இறங்கியது. அப்போதுதான் அந்தக் கண்களை ஒழுங்காகப் பார்த்தேன். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. இமை கீழே இறங்குகிறதா என்றே தேடியவள், அது மேலே ஏறி நிற்பதைப் பார்க்கவில்லை.

பம்பை முடுக்கியது தைராய்டு. அந்தச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதால் கை கால் விழும் வாதம் இது. தைராய்டு மிகை பெண்களிடம்தான் அதிகம், ஆனால் இந்த வாதம் வருவதோ பெரும்பாலும் 20 முதல் 40 வயது ஆசிய ஆண்களுக்கு. 2010இல் இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் தசையின் ஒரு பொட்டாசியம் வாசலுக்கான மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

எட்டு மணிக்கு ரிப்போர்ட் வந்தது: பொட்டாசியம் 1.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்ததும் கை பரபரக்கும், நிறையக் கொடுக்கத் தோன்றும். அது ஆபத்து. இவன் உடம்பிலிருந்து பொட்டாசியம் எங்கும் போகவில்லை, உள்ளே பூட்டிக் கிடக்கிறது. பூட்டு திறந்தால் மொத்தமும் வெளியே வரும், நாம் கொடுத்ததும் சேர்ந்துகொண்டால் இதயம் தாங்காது. கொஞ்சம் சிரப், மெதுவாக ஒரு டிரிப், கண் முழுக்க மானிட்டரில். மதியம் எழுந்து நின்றான். எதற்கும் என்று மறுபடி பார்த்தால் 5.2. கொடுத்த கொஞ்சத்துக்கே அவ்வளவு.

சில மாதம் கழித்து ஒரு அக்கா இதே மாதிரி கால் விழுந்து வந்தார். பொட்டாசியம் 2.0. கண்ணும் வாயும் காய்ந்து கிடந்தன, ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய், சிறுநீரகத்தையும் பாதித்துப் பொட்டாசியம் சிறுநீரில் ஒழுகிப் போயிருந்தது. அவருக்கு நாள்கணக்கில் கொடுத்தும் போதவில்லை.

பையனைத் தைராய்டை அடக்கும் மாத்திரையோடும், படபடப்பைத் தணிக்கும் ப்ரொப்ரனலாலோடும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கிளம்பும்போதுதான் அவன் கணுக்காலில் கறுப்புக் கயிறு தெரிந்தது. முன்பே இரண்டு முறை காலையில் கால் இப்படி வராமல்போய், அமுக்குப் பேய் என்று மந்திரித்துக் கட்டியதாம். இரண்டு முறையும் வெயில் ஏறியதும் கால் தானாகச் சரியாகிவிட்டது. மந்திரித்தவருக்கு அதில் நல்ல பெயர்.

"பரோட்டா சாப்பிடலாமா டாக்டரம்மா?"

"தைராய்டு அடங்குற வரைக்கும் ரெண்டோட நிறுத்திக்க. கலர் வேண்டாம்" என்றேன். அவன் அம்மா, "குளுக்கோஸ் ஏத்தினீங்கள்ல, அதான் எந்திரிச்சுட்டான்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.