சீக்கிரமே கான்ட்ராக்டுக்குப் போனால்

பெர்மனென்ட் வேலையை விட்டுக் கான்ட்ராக்டுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன சாஃப்ட்வேர்காரர்கள். நானும் கிட்டத்தட்ட அந்தக் கட்டத்தில்தான் போனேன், அதனால் கேட்கிறார்கள். எடுத்த எடுப்பில் எல்லோரும் கேட்பது ரேட்டைப் பற்றி. சரி, அதை முதலில் முடித்துவிடுவோம்.

பக்கத்து சீட்டில் நாம் செய்யும் அதே வேலையைச் செய்கிற கான்ட்ராக்டருக்கு நாளுக்கு எவ்வளவு என்று காதில் விழுந்ததும், மனசு அதை மாதம் 22 நாள் என்று பெருக்கி, அப்புறம் 12ஆல் பெருக்கி, ஒரு பெரிய தொகையில் போய் நிற்கும். ஆனால் வருடத்தில் வார நாட்கள் சுமார் 260. அதில் பொது விடுமுறை ஒரு 10, சொந்த விடுப்பு 20, காய்ச்சல் தலைவலிக்கு 5, ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை சும்மா இருக்கும் ஒரு மாதத்துக்கு 20 என்று கழித்தால் காசு வரும் நாட்கள் 205தான் மிஞ்சும். வருடச் சம்பளத்தை 260ஆல் வகுத்து ரேட் பேசுகிறவர், பேசும்போதே ஐந்தில் ஒரு பங்கைக் கோட்டை விட்டுவிடுகிறார். கம்பெனி நமக்காகக் கட்டிவந்த ஓய்வூதியப் பங்கு, காப்பீடு, லேப்டாப், பயிற்சிச் செலவு எல்லாம் வேறு இனி நம் தலையில். பழைய சம்பளத்தின் ஒரு நாள் கணக்கைவிட ஒன்றரை மடங்காவது வராத ரேட்டை நான் உயர்வு என்றே சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, பணம் வரும் தேதி. மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்பி, அதற்கு 30 நாள் தவணை என்றால், முதல் தேதி வேலைக்குச் சேர்ந்தவர் கையில் முதல் காசைப் பார்க்க இரண்டு மாதம் ஆகும். 60 நாள் தவணை என்றால் மூன்று மாதம். நடுவில் ஏஜென்சி இருந்தால், கிளையன்ட் எங்களுக்குக் கொடுத்த பிறகே உங்களுக்கு என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் எங்காவது ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். வருமான வரியைப் பிடிக்காமல் முழுத் தொகையையும் கொடுத்துவிடும் இடமாக இருந்தால் வரிக்கான பங்கை வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், கையில் இருந்தால் அது நம்முடையது என்றே தோன்றும்.

இதெல்லாம் கணக்கு. உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, யாரும் கேட்காத வேறு ஒரு விஷயம்.

வேலை பழகுவதில் பாதி, நாம் எழுதியது உடையும்போது நாம் அங்கேயே இருப்பதில் இருக்கிறது. ஒரு டேட்டாபேஸ் டேபிளை எப்படிப் பிரிப்பது என்று இன்றைக்கு ஒரு முடிவு எடுக்கிறோம், அது சரியா தப்பா என்று தெரிய வேண்டுமானால் தரவு பல மடங்கு பெருக வேண்டும், புதிதாக ஒருவர் வந்து அந்தப் புரோகிராமில் கைவைக்க வேண்டும், நாம் கனவிலும் நினைக்காத ஒரு வசதியை யாராவது கேட்க வேண்டும், அதற்கெல்லாம் ஒன்றிரண்டு வருடம் ஆகிவிடும். கான்ட்ராக்டர் ஆறாவது மாதமே ஹேண்ட்ஓவர் முடித்துக் கிளம்பியிருப்பார். திட்டு நம் பெயருக்கு, பாடம் அங்கே இருப்பவர்களுக்கு. (திட்டாவது நம் காதுக்கு வந்தால் பரவாயில்லை, அதுவும் வராது.) பத்து வருடம் ஆனவருக்கு இது பெரிய நஷ்டம் இல்லை, உடைந்ததை எல்லாம் அவர் ஏற்கனவே பார்த்திருப்பார். ஆரம்பத்திலேயே போகிறவருக்கு இதுதான் உண்மையான விலை.

திருத்துகிற ஆட்களும் குறைந்துபோவார்கள். பெர்மனென்ட் ஜூனியர் எழுதிய புரோகிராமை சீனியர் ஒருவர் வரிக்கு வரி பார்த்து, இதை ஏன் இப்படி எழுதினாய் என்று எரிச்சலோடாவது கேட்பார், ஏனென்றால் அந்தப் பையனோ பெண்ணோ நாளைக்கும் அவர் டீமில்தான் இருக்கப் போகிறார். கான்ட்ராக்டரிடம் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள ஆள் கிடையாது. தெரியும் என்று சொல்லித்தானே காசு வாங்குகிறார்? வேலை திருப்தி இல்லை என்றால் யாரும் உட்கார வைத்துப் பேசப் போவதில்லை, நீட்டிப்பு வராது, அவ்வளவுதான். பட்ஜெட் முடிந்ததாகச் சொல்வார்கள், சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

இதில் சட்டமும் ஒரு விதத்தில் வந்து மாட்டுகிறது. ஒருவர் சுயதொழில் செய்பவரா ஊழியரா என்பதைப் பல நாடுகளில் ஒப்பந்தத்தின் தலைப்பை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. எப்போது, எங்கே, எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப முடியுமா, லாப நஷ்டம் யாருடையது என்றெல்லாம் பார்ப்பார்கள். அனுபவம் குறைந்தவருக்கு எப்படிச் செய்வது என்று தினமும் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கும். அப்படியானால் நடைமுறையில் அவர் ஊழியர்தான், ஊழியருக்கான விடுப்பும் பாதுகாப்பும் மட்டும் இல்லாத ஊழியர்.

அப்படியென்றால் போகவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத புரோகிராமை ஒரு வாரத்தில் படித்துப் பிடிக்கும் பழக்கம் எனக்குக் கான்ட்ராக்டில்தான் வந்தது. வேலை தொடங்குவதற்கு முன்பே எது உண்டு எது இல்லை என்று எழுதி வாங்குவதும் அப்படித்தான், பெர்மனென்டாக இருந்திருந்தால் அதை என் மேனேஜர் செய்திருப்பார், நான் வேடிக்கை பார்த்திருப்பேன். அப்ரைசல் நாடகம் இல்லாத வருடங்கள் எவ்வளவு சுகம் என்பது தனிக் கதை.

போவதென்று முடிவு செய்தவர்களுக்கு நான் சொல்வது, நாள் ரேட்டுக்குப் போங்கள், மொத்தத் தொகை பேசிப் போகாதீர்கள். இரண்டு வாரம் என்று மதிப்பிட்டது ஐந்து வாரம் ஆகும் பருவம் அது, அந்த மூன்று வாரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள். நஷ்ட ஈட்டுப் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டீஸ் நாம் கொடுத்தால் ஒரு மாதம், அவர்கள் கொடுத்தால் ஒரு வாரம் என்று இருந்தால் கேட்டு மாற்றுங்கள், பல இடங்களில் கேட்டால் மாற்றுகிறார்கள். மூன்று நான்கு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியாக வைத்துவிட்டு ராஜினாமா கடிதம் எழுதுங்கள்.

ராஜினாமா செய்யும்போது நோட்டீஸ் காலத்தில் மெத்தனமாக இருக்காதீர்கள், டாக்குமெண்ட்டை ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்கு முதல் கான்ட்ராக்ட் என் பழைய மேனேஜர் மூலமாகத்தான் வந்தது, நான் பார்த்த பலருக்கும் அப்படித்தான். போர்ட்டலில் பார்த்து விண்ணப்பிக்கும்போது இரண்டு வருட ரெஸ்யூமேயைப் பத்து வருடக்காரரின் ரெஸ்யூமேக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.