மழை பெய்தால் ஊமையாகும் தொலைபேசி

ஆறு வாரம், நான்கு முறைப்பாடு, வீடு இருக்கும் வெள்ளவத்தைக்கும் கடைப் பக்கமான புறக்கோட்டைக்கும் இடையில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் எண்ணி மாளாத நடை. கடைசியில் பழுது இருந்தது சுண்டுவிரல் நீளச் செம்புக் கம்பியில். அதைக் கண்டுபிடிக்கும்வரை எல்லோரும் பழி போட்டது, கடைத் தொலைபேசி வீட்டில் அப்பாவின் கட்டிலருகேயும் அடிக்கட்டும் என்று நான் பொருத்திய பெட்டியின் மீதுதான். அந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் இப்போது தொலைபேசி வேலை செய்கிறது, மழையிலும் வேலை செய்கிறது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் நான் அலைந்த அலைச்சலை அலைய வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

பழைய சோனகத் தெருவில் எங்களுடையது குழாய், வால்வு, ஆணி, பெயின்ட் விற்கும் ஹாட்வெயார் கடை. கொழும்பு எண்கள் ஆறு இலக்கமாக இருந்த காலத்தில் அப்பா எடுத்த இணைப்பு அது. முன்னால் ஒரு 2 சேர்ந்து ஏழு இலக்கமான பிறகும் அதே எண்தான். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் அப்பாவால் கடைக்கு வர முடியவில்லை. ஹட்டனிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் அழைப்பவர்கள் "பெரியவர் இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் "பிறகு எடுக்கிறோம்" என்று வைத்துவிடுவார்கள். வீட்டில் அப்பா கட்டிலில் சும்மா இருப்பார்.

அழைப்பைக் கைபேசிக்குத் திருப்பிவிடு என்று பலர் சொன்னார்கள். திருப்பினால் கடையில் மணி அடிக்காது, ஒவ்வொரு அழைப்புக்கும் காசு போகும், அப்பா திரும்ப அழைத்தால் வேறு எண் காட்டும். எனக்கு வேண்டியது வேறு. அவருடைய கட்டிலருகே பொத்தான் வைத்த சாதாரணத் தொலைபேசி ஒன்று. அதில் கடை எண்ணே மணியடிக்க வேண்டும், அதிலிருந்து கடை எண்ணிலேயே அவர் வெளியே பேச வேண்டும். இதற்கு இரண்டு சிறு பெட்டிகள் போதும். கடை இணைப்பில் மாட்டுவது எஃப்எக்ஸ்ஓ பெட்டி. வீட்டில் தொலைபேசியை மாட்டுவது எஃப்எக்ஸ்எஸ் பெட்டி. நடுவில் இணையம்.

முதல் நடை வீணானது இங்கேதான். முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். விற்றவர் "இரண்டும் ஒன்றுதான், ஓட்டை ஒரே அளவு" என்று இரண்டு எஃப்எக்ஸ்எஸ் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். ஓட்டை ஒரே அளவுதான், வேலை நேர் எதிர். எஃப்எக்ஸ்எஸ் தொலைபேசிக்கு மின்சாரமும் மணியும் கொடுக்கும். எஃப்எக்ஸ்ஓ அவற்றை இணைப்பிலிருந்து வாங்கிக்கொள்ளும். கொடுக்கிற பெட்டியைக் கொடுக்கிற இணைப்பில் மாட்டினால் இரண்டும் மோதும், பெட்டி கருகவும் கூடும். நான் மாட்டுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பார்த்ததால் தப்பியது. சும்மா இருக்கும் தொலைபேசி இணைப்பில் 48 வோல்ட் அளவு நேர்மின்னோட்ட அழுத்தம் இருக்கும். எஃப்எக்ஸ்எஸ் துளையிலும் அப்படி ஏதாவது காட்டும். எஃப்எக்ஸ்ஓ துளையில் ஒன்றும் காட்டாது. கடையிலேயே மின்சாரம் கொடுக்கச் சொல்லி அளந்து பார்த்து வாங்குங்கள். மணி அடிக்கும் நேரத்தில் மட்டும் கம்பியில் கை வைக்காதீர்கள். அப்போது ஓடுவது 75 வோல்ட்டுக்கு மேற்பட்ட மாறுமின்னோட்டம், நன்றாகவே அடிக்கும்.

பொருத்தியது ஒரு பின்னேரத்தில் முடிந்தது. இரண்டு ரூட்டரிலும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்பதை அணைத்தேன். இணைய அழைப்புகளுக்கு உதவுவதாக நினைத்து அவற்றில் கைவைக்கும் ரூட்டர் வசதி அது. ஒருவர் குரல் மட்டும் கேட்கும் தொல்லை அதோடு நின்றது.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அப்பாவின் தொலைபேசி அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. பத்து நிமிடத்தில் மறுபடி. காட்டிய எண் 1001. நள்ளிரவுத் தொலைபேசி என்றால் எங்கள் வீட்டில் சாவுச் செய்திதான். அப்பாவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். தவறு என்னுடையது. இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளட்டும் என்று இணைய அழைப்புகள் வந்துசேரும் 5060 ஆம் வாயிலை (போர்ட்) ரூட்டரில் வெளியுலகுக்குத் திறந்து வைத்திருந்தேன். அந்த வாயிலை உலகெங்குமிருந்து இயந்திரங்கள் இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. வெறும் மணியோடு போனால் அதிர்ஷ்டம். உள்ளே நுழைந்துவிட்டால் உங்கள் கடை இணைப்பிலிருந்து வெளிநாட்டுக்கு அழைத்துத் தள்ளுவார்கள், கட்டணம் உங்கள் தலையில். மறுநாளே இரண்டு ரூட்டருக்கும் இடையில் வெளியார் நுழைய முடியாத தனிவழியாக விபிஎன் போட்டு, திறந்த வாயிலை மூடினேன். வெளிநாட்டு அழைப்பை இணைப்பிலேயே தடை செய்யவும் எழுதிக் கொடுத்தேன். இதைப் பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அதன்பின் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. அப்பா காலையில் முகம் கழுவிச் சட்டை போட்டுக்கொண்டு தொலைபேசியருகே உட்காரத் தொடங்கினார். ஐப்பசி பிறந்தது.

மழை தொடங்கிய நாளிலிருந்து அப்பாவின் தொலைபேசி ஒரு மணி அடித்து அடங்கிவிடும். எடுத்தால் வெறுமை. கடையிலோ தொலைபேசி வழக்கம்போல் அடிக்கிறது, பேசலாம், லேசான கரகரப்பு மட்டும். வீட்டிலிருந்து பார்த்தால் கடைப் பெட்டி அடிக்கடி காணாமல் போய் ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பி வருவதுபோல் இருந்தது. பெட்டியை மீளமைத்தேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். மின்மாற்றியை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை, ஒவ்வொரு முறையும் வெயில் அடித்ததும் சரியாகிவிடும். நான்தான் சரிசெய்தேன் என்று நம்பி வீடு திரும்புவேன், அடுத்த மழையில் பழைய கதை.

எங்கள் கடைக் கட்டடத்துக்கு ஃபைபர் இழுக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அதனால் கடையின் இணையமும் அதே செம்புக் கம்பியில்தான் ஏடிஎஸ்எல்லாக வருகிறது. பேச்சு 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே, இணையம் அதற்கு எவ்வளவோ மேலே. இரண்டையும் பிரிப்பது சுவரில் மாட்டும் சின்ன வடிகட்டி. இந்த விஷயம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க மூன்று வாரம் ஆனது.

ஒரு பின்னேரம் மழை கொட்டும்போது கடையில் மோடத்துக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் கைபேசியிலிருந்து கடை எண்ணை அழைத்தேன். முதல் மணி அடித்த அந்த நொடியே ஏடிஎஸ்எல் விளக்கு அணைந்தது. பிறகு மினுக் மினுக்கென்று வழி தேடத் தொடங்கியது. நின்று எரிய ஒன்றரை நிமிடம். மறுபடி அழைத்தேன், மறுபடி அணைந்தது. ஐந்து முறை அழைத்தேன், ஐந்து முறையும் அணைந்தது. மணி அடித்தால் இணையம் அறுகிறது, இணையம் அறுந்தால் அடுத்த மணிகள் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேராது. அப்பாவுக்கு ஒரு மணி மட்டும் கேட்டதன் காரணம் இதுதான்.

அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் முறைப்பாட்டில் இதுதான் என்னைக் காப்பாற்றியது. புது வடிகட்டி போட்டேன், அதே கதை. என் பெட்டியை முற்றாகக் கழற்றிவிட்டு மோடமும் ஒரு சாதாரணத் தொலைபேசியும் மட்டும் வைத்தேன், அதே கதை. பக்கத்துக் கடையின் மோடத்தை இரவல் வாங்கி மாட்டினேன், அதே கதை. உள்வயரைக் கழற்றிவிட்டு, கம்பி கட்டடத்துக்குள் நுழையும் முதல் பெட்டியிலேயே நேராக மாட்டினேன், அப்போதும் அதே கதை. ஆகப் பழுது சுவருக்கு வெளியே. மோடத்தின் நிலைப் பக்கத்தில் இரைச்சல் விளிம்பு என்று ஓர் எண் டெசிபலில் இருக்கும், இன்னும் எவ்வளவு இரைச்சலை இணைப்பு தாங்கும் என்பதை அது சொல்லும். வெயிலில் 11 காட்டியது, மழையில் 4. ஆறுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு தள்ளாடும். விளக்கு அணைவதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

இனித்தான் உண்மையான அலைச்சல். தொலைபேசி நிறுவனத்துக்குக் கொடுத்த முதல் இரண்டு முறைப்பாடுகளுக்கும் யாரும் வரவில்லை. "பழுது சீர்செய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. மூன்றாவதுக்கு ஒருவர் நல்ல வெயிலில் வந்தார். சோதனைத் தொலைபேசியைக் கம்பியில் கவ்வவிட்டு, "டயல் சத்தம் இருக்கிறதே" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அலுவலகத்துக்கே போனேன். கருமபீடத்தில் இருந்தவர் நான் வாயைத் திறக்கும் முன், "வெளிப் பெட்டி ஏதும் மாட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது. படத்தைக் காட்டினேன், பார்க்கவில்லை. "அதைக் கழற்றிவிட்டு வாருங்கள்." கழற்றிவிட்டுத்தான் பார்த்தேன் என்று மூன்று முறை சொன்னேன். அடுத்த இலக்கத்தை அழைத்துவிட்டார். ஒன்றரை மணிநேரம் காத்திருந்து இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தேன். படிக்கட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான்காம் முறை முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்தேன். பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "மழை நேரத்தில் மணி அடிக்கும் போதெல்லாம் ஏடிஎஸ்எல் அறுகிறது. சாதாரணத் தொலைபேசியும் வேறு மோடமும் கொண்டு, முதல் பெட்டியில் சோதித்தது. வெயிலில் 11, மழையில் 4." நாள், நேரம், பழைய மூன்று முறைப்பாட்டு இலக்கங்கள். இந்த முறை மேல்மாடியில் இருந்த வயதான அதிகாரி ஒருவரின் கைக்குக் கடதாசி போனது. படித்தார். "மணி ஓடும்போது அறுகிறதா, எடுத்த பிறகா?" என்று ஒரே ஒரு கேள்வி. மணி ஓடும்போது என்றேன். "அப்படியானால் கம்பி மூட்டு" என்று சொல்லி அங்கேயே ஆளை ஒதுக்கினார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் வந்தவர் ஏணியோடு வந்தார். பின் சந்தில் சுவரோடு ஓடும் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனவர், உடைந்த கூரைப் பீலிக்கு நேர் கீழே நின்றார். அங்கே கறுப்பு நாடா சுற்றிய ஒரு முடிச்சு. நாடாவைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது. உள்ளே யாரோ எந்தக் காலத்திலோ வெறும் கையால் முறுக்கிவிட்ட இரண்டு கம்பிகள், பச்சைப் பசேலென்று களிம்பு ஏறி, ஒன்று மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. "நங்கி (தங்கச்சி), இங்கே பாருங்கள்" என்று கீழே நீட்டினார். விரலால் தொட்டேன், தூளாக உதிர்ந்தது. பேச்சுக்கு அந்த மயிரிழை போதும், அதனால்தான் டயல் சத்தம் கேட்டது. மணியின் அழுத்தம் அதில் பாயும்போது மூட்டு துடிக்கும், அந்தத் துடிப்பில் இணையம் செத்துவிடும். பழைய துண்டை வெட்டி எறிந்து, உள்ளே பசை நிரப்பிய இணைப்பியைக் குறட்டால் அழுத்திப் பூட்டினார். பத்து நிமிட வேலை. அன்றிரவு அடைமழையிலும் இரைச்சல் விளிம்பு 11 இலிருந்து இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அழைத்தவர் வைத்த பிறகும் எஃப்எக்ஸ்ஓ பெட்டி இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தொல்லை பலருக்கும் வரும். ஒரு நாள் முழுக்க எங்கள் எண் பிசியாகவே இருந்தது. பெட்டி காத்திருந்தது அமெரிக்க பிசி ஒலிக்காக. 480, 620 ஹேர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது அது. எங்கள் இணைப்பில் வந்தது 425 ஐ ஒட்டிய ஒற்றை ஒலி. ஒலியைக் கைபேசியில் பதிந்து, ஒலிக்கும் நேரத்தையும் இடைவெளியையும் அளந்து, பெட்டியில் அப்படியே எழுதினேன். விட்டது. உங்கள் இணைப்பை நீங்களே அளந்து எழுதுங்கள், என் எண்ணைக் கொப்பி பண்ண வேண்டாம்.

மின்வெட்டுக்கு இரண்டு பக்கமும் சிறு 12 வோல்ட் யூபிஎஸ் வைத்திருக்கிறேன். பழைய தொலைபேசிக்கு மின்சாரம் கம்பியிலேயே வரும், இந்தப் பெட்டிகளுக்கு வராது. இடி இடித்தால் கடையில் இருக்கும் தம்பி வயரைக் கழற்றிவிடுவான்.

இந்தக் கிழமை மழை விடவேயில்லை. நேற்று ஹட்டனிலிருந்து ஒருவர் இரண்டு அங்குல வால்வுக்கு விலை கேட்டு எடுத்தார். அப்பா விலை சொல்லி முடித்துவிட்டு, அவருடைய மகளின் பரீட்சை எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின் சந்துப் பீலியை மாற்றக் கட்டட உரிமையாளர் இன்னும் ஆள் அனுப்பவில்லை. எங்கள் கடையிலேயே பீலி இருக்கிறது. நாளைக் காலை ஏணியோடு வரும்படி ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.