சதுரம் சதுரமாகவே இருக்கட்டும்

சிங்கப்பூரின் தோ பாயோவில் இருந்த எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், நானும் தம்பியும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடிய கணினி விளையாட்டு 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3'. நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் உருவாக்கி 1999இல் வெளிவந்த அதை ஒரே கணினியில் பலர் முறைவைத்து ஆடலாம். தம்பியின் முறை வந்தால் நான் திரையைப் பார்க்கக்கூடாது. எழுந்து சமையலறைக்குப் போய்விட வேண்டும்.

சென்ற தீபாவளிக்கு அவன் குடும்பத்தோடு ஈசூனில் உள்ள என் வீட்டுக்கு வருவதாகச் சொன்னபோது, அந்த விளையாட்டை இணையத்தில் வாங்கி என் மடிக்கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். திரையைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என்னண்ணே, குதிரையெல்லாம் இப்படித் தடிச்சுக் கிடக்கு?" என்பதுதான்.

அவன் சொன்னது சரி. அந்த விளையாட்டு 800க்கு 600 பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளிகள்) என்ற ஒரே அளவில்தான் படம் வரையும். அதன் அகல உயர விகிதம் 4:3. என் மடிக்கணினியின் திரையோ 1920க்கு 1080, அதாவது 16:9. படத்தைத் திரை முழுவதும் நிரப்ப வேண்டுமென்றால் அகலத்தை 2.4 மடங்கும் உயரத்தை 1.8 மடங்கும் பெருக்க வேண்டும். வரைபடத்தில் 32க்கு 32 பிக்சலாக இருக்கும் நிலக் கட்டம் ஒவ்வொன்றும் இதனால் ஏறத்தாழ 77 பிக்சல் அகலமும் 58 பிக்சல் உயரமும் கொண்ட செவ்வகமாகிவிடுகிறது. நகரங்களின் கோபுரங்கள் குள்ளமாகின்றன, போர்க்களத்தின் அறுகோணங்கள் பக்கவாட்டில் இழுபடுகின்றன. ஒவ்வொரு கோட்டையையும் நுணுக்கமாக வரைந்த ஓவியர்களின் உழைப்பை இப்படி நசுக்கிப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பிழை விளையாட்டில் இல்லை. வரும் படத்தைத் திரையின் ஓரம்வரை நிரப்பு என்று, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் சிப்புக்கு இடப்பட்டிருக்கும் கட்டளையில்தான் இருக்கிறது. அதை மாற்றும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் போனது. என் கணினியில் என்விடியா சிப் இருப்பதால் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தை முதலில் திறந்தேன். திரை தொடர்பான பகுதியே அதில் இல்லை. இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகள் உள்ள மடிக்கணினிகள் பலவற்றில், என்விடியா சிப் படத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தாலும், திரையோடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பது உள்ளமைந்த இன்டெல் சிப்தான். ஆகவே படத்தைப் பெருக்கும் வேலையும் அதனுடையது.

அந்தச் சிப்பின் அமைப்புகளை மாற்றும் செயலியான இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரைத் திறந்தபோதும் விகிதத்தைக் காக்கும் தேர்வு கண்ணில் படவில்லை. திரை தனது இயல்பான 1920க்கு 1080 அளவில் இருக்கும்போது பெருக்க எதுவுமில்லை என்பதால் அது தோன்றாது என்பது பிறகுதான் புரிந்தது. விண்டோஸின் திரை அமைப்பில் அளவைத் தற்காலிகமாக 800க்கு 600 என்று மாற்றிவிட்டு மீண்டும் திறந்தால், 'ஸ்கேல்' என்ற இடத்தில் 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ' வந்து நிற்கிறது. அதைத் தேர்ந்து, திரையைப் பழைய அளவுக்குத் திருப்பிவிட்டு விளையாட்டைத் தொடங்கினேன். 1440க்கு 1080 அளவில், இருபக்கமும் 240 பிக்சல் கறுப்புப் பட்டைகளோடு, குதிரைகள் குதிரைகளாகவே வந்தன.

"அந்த ரெண்டு பக்கமும் வீணாத்தானே போகுது?" என்றான் தம்பி. நான் அப்படி நினைக்கவில்லை. ரசிகர்கள் உருவாக்கிய 'எச்டி மோட்' என்ற இணைப்பு, படத்தை இழுக்காமல் வரைபடத்தின் கூடுதல் பரப்பைக் காட்டி அகலத்திரையை நிரப்புகிறது. பெரிய வரைபடங்களுக்கு அது நல்ல வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகரக் காட்சிகள் 800க்கு 600 சட்டத்துக்கென்றே வரையப்பட்டவை. அவற்றைச் சுற்றி இருள் இருப்பதில் ஓவியத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

இன்னும் ஒரு சிறு குறை எஞ்சியிருக்கிறது. படம் பெருகும் மடங்கான 1.8 முழு எண் அல்ல என்பதால் எழுத்துகளின் விளிம்பு சற்றே மங்கலாகத் தெரிகிறது. தம்பியின் மடிக்கணினித் திரை 1920க்கு 1200. அதில் படம் சரியாக இரண்டு மடங்காகி, 1600க்கு 1200 என்று உட்கார்ந்துவிடும். மறுவாரம் அதிலும் இதே மாற்றத்தைச் செய்தோம். எழுத்துகள் என் திரையில் இருப்பதைவிடச் சீராகத் தெரிந்தன. இனி ஆடுவதென்றால் அவன் கணினியில்தான் என்று முடிவுசெய்திருக்கிறோம்.